கட்டிலுக்கு இந்தப் பக்கம்

இருட்டறையில் ஹைப்போ மருந்துத் தட்டு கவிழ்ந்த சத்தம் கேட்டபோது கிரேஸ் புழக்கடைத் தொட்டியில் போட்டோக்களை அலசிக்கொண்டிருந்தாள். எதையாவது தட்டிவிட்டால் அவள் கணவர் யேசுதாஸ் தன்னைத்தானே இரண்டு வார்த்தை திட்டிக்கொள்வார். அன்றைக்குத் திட்டு வரவில்லை. ஈரக்கையோடு ஓடிப்போய் இருட்டறைக் கதவில் கை வைத்தவள், வெளிச்சம் பட்டால் தாளெல்லாம் வீணாகிவிடுமே என்று ஒரு கணம் தயங்கினாள். அந்த ஒரு கணத்தைப் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்து நினைத்து வருந்தியிருக்கிறாள். உள்ளே, சிவப்பு பல்பு வெளிச்சத்தில், மேசைக்கும் சுவருக்கும் நடுவே அவர் மடங்கிக் கிடந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. கண் மட்டும் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஷாரோன் ஸ்டுடியோ என்றால் எல்லோருக்கும் தெரியும். வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. நெசவாளர் சங்கத்து அடையாள அட்டைக்கும், காதுகுத்துக்கும், கல்யாணத்துக்கும், செத்தவர் படத்தைப் பெரிதாக்கி மாலை போடவும் அங்கேதான் வருவார்கள். படம் எடுப்பது யேசுதாஸ். எடுத்த பிறகு உள்ள வேலை, அலசுவது, காயப்போடுவது, ஓரம் நறுக்குவது, முகத்தில் விழுந்த வெள்ளைப் புள்ளிகளை மெல்லிய பிரஷ்ஷால் தொட்டு மறைப்பது, எல்லாம் கிரேஸ். அதை யாரும் வேலை என்று சொன்னதில்லை. அவளும் அப்படி நினைத்ததில்லை. உலைக்கு அரிசி போட்டுவிட்டு வந்து அலசுவாள், அலசிவிட்டுப் போய் கஞ்சி வடிப்பாள்.

சென்னை பெரியாஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வலது கையும் காலும் போயிருந்தன. பேச்சும் போயிருந்தது. இடது கை அசைந்தது. சொன்னால் புரிந்துகொண்டார். ஒரே மகன் விஷால் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்தான். அங்கேயே நண்பர்களோடு ஒரு அறை. ஓடி வந்தான், அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான், "வாரா வாரம் வந்துடறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். வாரம் என்பது கொஞ்ச நாளில் மாதமானது. அவனையும் குற்றம் சொல்வதற்கில்லை.

கட்டிலைச் சன்னலோரமாகப் போட்டாள். கட்டிலின் ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் அவள். விடிந்ததும் துணி மாற்றுவது, வாய் துடைப்பது, கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுவது, புரையேறாமல் முதுகைத் தாங்கிக்கொள்வது, ஒரு பக்கமாகவே படுத்திருந்தால் புண்ணாகும் என்று அவ்வப்போது திருப்பிப் போடுவது. நடுவில் முன்னறையில் யாராவது கூப்பிட்டால் கையைத் துடைத்துக்கொண்டு, தலையை அள்ளி முடிந்துகொண்டு போய், "நேரா பாருங்க, தோள எறக்குங்க" என்பாள்.

"நீயாம்மா எடுக்கிற?" என்று கேட்பார்கள்.

"நான்தாங்க. ஒக்காருங்க."

படம் சரியாகத்தான் வந்தது. அதனால் அப்புறம் யாரும் கேட்கவில்லை.

எவ்வளவு திருப்பிப் போட்டும் இடுப்புக்குக் கீழே புண் வந்துவிட்டது. டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

"நேர்ல பாக்காம எப்படிம்மா? கூட்டிட்டு வா."

"தூக்கிக்கினு வர ஆள் இல்ல சார்."

"சரி, எவ்ளோ பெருசு இருக்குது, எவ்ளோ ஆழம், அதையாவது சொல்லு."

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தினமும் இரண்டு வேளை கழுவிக் கட்டுகிற புண், எவ்வளவு என்று கேட்டால் கையை விரித்துக் காட்டத்தான் முடிந்தது. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்துவிட்டு, ஸ்டுடியோ கேமராவை ஸ்டாண்டோடு தூக்கிவந்து கட்டிலுக்கு எதிரே வைத்தாள். அவரைத் திருப்பிப் பிடிக்க ஒரு கை வேண்டும், துணியை விலக்க ஒரு கை வேண்டும். பட்டனை அமுக்கக் கை இல்லை. ஆகவே செல்ஃப் டைமரைத் திருகிவிட்டு ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். கிர்ரென்று ஓடி, டக்கென்று விழுந்தது.

டாக்டர் அந்தப் படத்தைச் சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். "செவப்பா இருக்குதா, கருத்துருக்குதா? பிளாக் அண்ட் ஒயிட்ல எப்படிம்மா தெரியும்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு மருந்து எழுதிக்கொடுத்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கிரேஸ் படத்தை எடுத்துப் பார்த்தாள். புண்ணைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில், அவர் தோளைப் பிடித்தபடி ஒரு கை இருந்தது. நரம்பு புடைத்து, விரல் முட்டிகள் வெளுத்து, வளையல் முழங்கைவரை ஏறிப்போய். யாருடைய கையோ மாதிரி இருந்தது. தன் கை இவ்வளவு பாரம் பிடிக்கிறது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

அதிலிருந்துதான் ஆரம்பித்தது. அவசரமாக பாஸ்போர்ட் போட்டோ கேட்பவர்களுக்காகப் பாதி ரோலிலேயே எடுத்துக் கழுவியாக வேண்டியிருக்கும், மிச்சம் வீணாகும். அந்த மிச்சத்தில் அவள் வீட்டை எடுத்தாள். முதலில் அவர் முகத்தை எடுத்தாள். காலை வெயில் சன்னல் கம்பிகளுக்கு நடுவே வந்து கன்னத்தில் விழுந்த நேரம். நன்றாக வந்திருந்தது. அவரே எடுத்திருந்தால் இதைவிட நன்றாக எடுத்திருக்க மாட்டார் என்றுகூட அவளுக்குப் பட்டது.

இரண்டாவது முறை கேமராவைத் தூக்கிக்கொண்டு கிட்டே போனபோது யேசுதாஸ் இடது கையால் அதைத் தள்ளினார். அந்தக் கையில் அவ்வளவு பலம் மிச்சம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. கேமரா அவள் நெஞ்சில் வந்து இடித்தது. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"சரி, சரி," என்றாள். "எடுக்கல. இனிமே ஒங்க மூஞ்ச எடுக்க மாட்டேன், ஆண்டவர் மேல சத்தியம்." அவர் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் செய்யிறத எடுத்துக்கிறேன். என் கைய. அது எடுக்கலாமா?" என்று கேட்டாள்.

அவர் கூரையைப் பார்த்தார். தள்ளவில்லை. அதைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அது சம்மதம்தானா, அலுப்பா என்பது கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை.

சொன்ன வாக்கை அவள் மீறவில்லை. அதன்பிறகு எடுத்த எதிலும் அவர் முகம் இல்லை. நாற்காலியின் முதுகில் காயும் நாலு முழ வேட்டி. கஞ்சி டம்ளரும், அதைப் பிடித்த விரலும், வழிந்ததைத் துடைக்கக் காத்திருக்கும் இன்னொரு கையும். அவர் அக்குளில் தோள் கொடுத்துத் தூக்குகிற அவள் முதுகு; ரவிக்கையின் நடு முதுகில் வியர்வை இறங்கிய கோடு. துவைகல்லுக்கு முன்னால் அவள் குந்தியிருப்பது. ஒருநாள் மட்டும், கட்டிலின் சட்டத்தில் தலையைச் சாய்த்துத் தன்னை மறந்து தூங்கிப்போயிருந்தாள். டைமரைத் திருகிவிட்டு வந்து உட்கார்ந்தவள், அது விழுவதற்குள் தூங்கிவிட்டாள்.

எதற்காக எடுக்கிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் அவளிடம் பதில் இருந்திருக்காது. துவைத்தது மறுபடி அழுக்காகிறது. ஊட்டிய வாய் மறுபடி பசிக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு, இன்றைக்கு என்ன செய்தாய் என்றால் எடுத்துக் காட்ட ஒன்றும் மிஞ்சுவதில்லை. படத்தில் மிஞ்சியது. பிரிண்ட் போட்ட தாளை அலசிக் காயவைத்து, தாள் வந்த அட்டைப் பெட்டியிலேயே போட்டு, பரண்மேல் வைத்துவிடுவாள்.

இரண்டாயிரத்து ஒன்று ஐப்பசியில், மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு மத்தியானம், சங்கத்து அட்டைக்காக வந்த ஒருவரைப் பார்த்து "கண்ண மூடாதீங்க, ஒரு நிமிஷம்" என்று அவள் முன்னறையில் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் யேசுதாஸ் போய்விட்டார். கஞ்சியோடு உள்ளே வந்தவள், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் அவரைத் திருப்பப் போனாள். தோளில் கை வைத்ததும் தெரிந்துவிட்டது.

அடக்கத்துக்கு எல்லோரும் வந்தார்கள். பாஸ்டர் ஐயா நல்ல வார்த்தையாக நாலு சொன்னார். மெத்தையை வெளியே கொண்டுபோய் எரித்தார்கள். கட்டிலையும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று விஷால் சொன்னான். "இருக்கட்டும்பா" என்றாள். மூன்றாம் நாளோடு வீடு காலியானது.

பக்கத்து வீட்டு லோகாம்பாள் வந்து, "இனிமேலாச்சும் ஒடம்ப பாத்துக்கோ கிரேஸு. அவருக்கும் விடுதல, ஒனக்கும் விடுதல," என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அந்த வார்த்தை மட்டும் முள் மாதிரி தைத்துக்கொண்டு கிடந்தது.

வேலை அவளை விட்டும் அவள் உடம்பு வேலையை விடவில்லை. திருப்பிப் போடுகிற நேரம் வந்தால் எங்கே இருந்தாலும் எழுந்துவிடுவாள். எழுந்து இரண்டடி வைத்த பிறகுதான் நினைவு வரும். தெருவில் எந்த வீட்டிலாவது ஒரு இருமல் கேட்டால் கை தானாக டம்ளரைத் தேடும். அரிசி களையும்போது கஞ்சிக்கென்று ஒரு பிடி கூடப் போட்டுவிடுவாள். சுற்றிலும் எல்லா வீட்டிலும் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும். இருந்தும் அவள் வீடு மட்டும் காது அடைத்த மாதிரி இருந்தது. மூன்று வருஷமாக அவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. ஆனாலும் அவர் போன பிறகுதான் வீட்டில் பேச்சு நின்றது. அவள்தான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள், கேட்க ஆள் இருந்ததால்.

அப்போதும் எடுத்தாள். பழைய நேரங்களில், பழைய இடத்தில் ஸ்டாண்டை வைத்து, கட்டிலுக்கு இந்தப் பக்கம் போய் நின்றாள். வெறும் கட்டில். பிடிக்க ஒன்றும் இல்லாமல் இரண்டு கைகள். படத்தைக் கழுவிப் பார்த்தபோது, அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கும் பெண்பிள்ளையைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது.

அடுத்த வருஷம் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஜாஹ்னவி என்று ஒரு பெண் வந்தாள். கோயில் தெருக் குடும்பத்துப் பெண். சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கே பார்த்தாலும் கலர் மெஷின் வந்துவிட்டது, கறுப்பு வெள்ளை ரோலைக் கையால் கழுவித் தருகிற இடம் இங்கே மட்டும்தான் என்று யாரோ சொன்னார்களாம். ரோலைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவள், கொடியில் கிளிப் போட்டுத் தொங்கிய படங்களின் முன்னால் போய் நின்றாள். முதல் நாள் எடுத்த கட்டில் படங்கள் அங்கே காய்ந்துகொண்டிருந்தன.

"ஆன்ட்டி, இது யார் எடுத்தது?"

"அது ஒன்னுமில்லம்மா. ரோலு மிச்சம் இருந்துச்சு."

"இந்தக் கை?"

"என் கைதான்."

அந்தப் பெண் படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். ஏன் அவளிடம் காட்டத் தோன்றியது என்று கிரேஸுக்குத் தெரியாது. பல நாளாகப் பேச ஆளில்லாமல் இருந்ததுகூடக் காரணமாக இருக்கலாம். பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். ஜாஹ்னவி தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சாயங்காலமாகிவிட்டது. தோழிகள் நாலு பேர் சேர்ந்து சென்னையில் ஒரு கூடத்தில் படக் கண்காட்சி வைக்கிறோம், இவற்றையும் வைக்கலாமா என்று கேட்டாள்.

"பீ மூத்திரம் அள்ளினத யாரும்மா வந்து பாப்பாங்க?"

"எனக்குப் பாக்கணும்னு தோணித்தே ஆன்ட்டி."

ஜாஹ்னவி தேர்ந்தெடுத்தவற்றில் அவர் முகம் இருந்த அந்த ஒரே படமும் இருந்தது. கிரேஸ் அதை மட்டும் உருவி எடுத்துக்கொண்டாள்.

"இது வேணாம்."

"இதுதான் ஆன்ட்டி எல்லாத்தையும் சேத்துப் பிடிக்கறது. இது இல்லன்னா யாருக்காக இவ்வளவும்னே தெரியாது."

"தெரியாமப் போவட்டும். அவருக்கு வாக்கு குடுத்துருக்கிறேன்."

ஜாஹ்னவி அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

விஷாலுக்கு போனில்தான் சொன்னாள். அவன் எகிறினான். "அப்பாவ அந்தக் கோலத்துல ஊரே பாக்கணுமாம்மா?"

"அப்பா மூஞ்சி எதுலயும் இல்லப்பா."

"மூஞ்சி இல்லன்னா இன்னா? வூட்ல நடந்தத எதுக்கு வெளிய கொண்டாந்து வெக்கிற? இதெல்லாம் ஒன்ன யாரு செய்யச் சொல்லிக் கேட்டாங்க?"

"யாரும் கேக்கலப்பா," என்றாள் அவள். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். ஆனால் அந்தப் பக்கம் அவன் போனை வைத்துவிட்டான்.

கண்காட்சியின் முதல் நாள், சர்ச்சுக்குக் கட்டுகிற நீலக்கரைப் புடவையைக் கட்டிக்கொண்டு தனியாக பஸ் ஏறிப் போனாள். வெள்ளைச் சுவர், குளுகுளுவென்று ஏசி. ஜாஹ்னவி படங்களை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தாள். அவற்றைப் பார்த்ததும் தன் வீட்டு ஈரத்துணியை யாரோ எடுத்துவந்து அடுத்த வீட்டுக் கொடியில் உலர்த்தியது மாதிரி கிரேஸுக்குக் கூச்சமாகிவிட்டது. ஒரு மூலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

வந்தவர்கள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். ஒருவர் என்ன லைட்டிங் என்று கேட்டார். "சன்னல் வெளிச்சம்தாங்க" என்றாள். இன்னொருவர் சோகம் ரொம்ப அழகாக வந்திருக்கிறது என்றார். அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். அதன்பிறகு நெடுநேரம் அவளிடம் யாரும் வரவில்லை. இத்தனை பேர் நடுவில் உட்கார்ந்திருப்பது, வீட்டில் ஒற்றையாக உட்கார்ந்திருப்பதைவிட மோசமாக இருந்தது.

மத்தியானத்துக்குமேல் ஒன்பது கஜப் புடவையில் ஒரு அம்மாள் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். மற்றப் படங்களையெல்லாம் தாண்டி நேராக ஒரு படத்தின் முன்னால் போய், மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கிட்டே குனிந்து பார்த்தாள். பிறகு திரும்பி, "இது நீங்க எடுத்ததுதானே? அடியில போட்டிருக்கேளே, அது ரப்பர் ஷீட்டா?" என்று கேட்டாள்.

கிரேஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "இல்லம்மா. ரப்பரு சூடேறி முதுகெல்லாம் வேர்த்துக்குது. மேசைக்குப் போடுற பிளாஸ்டிக்கு விரிப்பு. அது மேல பழைய வேட்டிய நாலா மடிச்சிப் போட்டுடுவேன்."

"நனைஞ்சா?"

"வேட்டிய மட்டும் உருவிக்கலாம். ஒரு பக்கமா திருப்பி, இப்டி பாதிய சுருட்டி முதுகாண்ட தள்ளிட்டு, அப்பால இந்தப் பக்கம் திருப்பினா கையோட வந்துடும்." தன் முந்தானையையே சுருட்டிக் காட்டினாள்.

"அடிப்பாவி, நான் ஒவ்வொரு தரமும் முழுசா மாத்திண்டிருக்கேன். இடுப்பு விட்டுப்போறது." அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். "குதிகால்ல புண்ணு வரலியா உங்களவருக்கு?"

"வந்துச்சே."

"பழைய பனியன்ல பஞ்ச அடைச்சு வளையம் மாதிரி தைச்சு, கணுக்காலுக்கு அடியில வெச்சுட்டா குதிகால் படுக்கையில படாது. எங்க மாமனாருக்கு அது நன்னாக் கேக்கறது."

"அய்யோ, அது எனக்குத் தோணவேயில்லியே," என்றாள் கிரேஸ். சொல்லும்போதே, இனி அது தெரிந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு வந்தது.

அந்த அம்மாள் பெயர் அலமு, ஜாஹ்னவிக்கு அத்தை. மாமனார் சக்ரவர்த்தி, பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருந்தார். இன்றைக்கு ஒருநாள் ஜாஹ்னவியின் அம்மா பார்த்துக்கொள்கிறாள். சாயங்காலம் போயாக வேண்டும்.

"திருப்பறச்சே உங்களுக்கு யார் பிடிச்சுண்டா?"

"யாரு இருக்காங்க? தனியாத்தான்."

"நானும் தனியாத்தான்," என்றாள் அலமு. இரண்டு பேரும் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, அவசரமாகக் கிளம்பிப்போனாள்.

விஷால் வருவான் என்று கிரேஸ் நினைக்கவேயில்லை. ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தான். தோளில் டிபன் பை தொங்கியது. அம்மாவிடம் வராமல் சுவரோரமாகவே நடந்தான். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்றான். தூங்கிப்போன அந்தப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றான். கத்தப்போகிறான் என்று அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு காத்திருந்தாள்.

கிட்டே வந்தான். "இதுல நான் எங்கியுமே இல்லியேம்மா," என்றான்.

சண்டைக்குத் தயாராக இருந்தவள் முந்தானையை விட்டுவிட்டாள். அவனை எப்படியாவது ஆற்ற வேண்டும் என்றுதான் இருந்தது. "அப்டி இல்லடா கண்ணு. நீ வர்ற அன்னிக்கெல்லாம் நான் அடுப்பாண்ட இருப்பேன். ஒனக்கு மீன்கொழம்பு புடிக்குமே. அன்னிக்கின்னு கேமராவத் தொட கை ஒழியாதுப்பா."

சொல்லி முடித்த பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்கே உறைத்தது. விஷால் குனிந்து செருப்பைப் பார்த்தான். அவன் கழுத்து, அப்பாவுடையதைப் போலவே, வெட்கப்பட்டால் ஒரு பக்கமாகச் சாயும்.

"மீன் வெக்க வேணாம்னு நான் சொல்லியிருக்கலாம்," என்றான்.

"வெக்கிறதுல எனக்கு இன்னா கஷ்டம்?"

"அதான்மா. நீ கஷ்டம்னு சொல்லவே மாட்ட. எனக்கும் கேக்கத் தோணல."

அன்றைக்கு அவனே பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனான். சன்னலோரமாக இடம்பிடித்து உட்காரவைத்து, வறுத்த கடலை வாங்கிக்கொடுத்தான். பஸ் கிளம்பும்வரை கீழேயே நின்றான். பஸ் திரும்பும்போது அவன் கையை ஆட்டினான். சின்னப் பிள்ளையில் செய்ததுபோல, மணிக்கட்டை மட்டும்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ண ஆரம்பித்தான். சாப்பிட்டாயா, மழை பெய்கிறதா, உடம்பு எப்படி. அதோடு பேச்சு தீர்ந்துவிடும். ஒரு இங்கிலீஷ் பேப்பரில் கண்காட்சியைப் பற்றி நாலு வரி வந்திருந்ததை ஜாஹ்னவி கொண்டுவந்து காட்டினாள். கிரேஸ் பெயரை அதில் கிரேசி என்று போட்டிருந்தார்கள். ஜாஹ்னவி படங்களையும் காக்கித்தாள் சுற்றித் திரும்பக் கொடுத்தாள். அவ்வளவு பெரிய படங்களை வைக்கப் பரணில் இடம் போதவில்லை. கிரேஸ் அவற்றைச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி, கட்டிலுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள்.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனைக்குப் போய்வந்து, வெயில் தாழ்ந்த பிறகு கேமராவை எடுத்துக்கொண்டு அலமு வீட்டுக்குப் போனாள். வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் அந்தத் தெருவுக்குள் அதற்கு முன் நடந்ததில்லை. திருமுக்கூடல் பக்கம் இந்தத் தெருக்காரர் ஒருவரின் நிலத்தில்தான் அவள் அம்மா நாற்று நட்டாள். என்றைக்காவது வரச்சொன்னால் கொல்லைச் சந்து வழியாக வந்து போவாள். கிரேஸ் வாசலில் கொஞ்சம் நின்றாள். உள்ளேயிருந்து அலமு, "யாரு? கிரேஸா? வாங்கோ, வாங்கோ, கை வேலையா இருக்கேன்" என்று கூவினாள்.

கூடத்தில் கட்டில். மெலிந்து, தாடி வளர்ந்த பெரியவரை அலமு ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வேட்டியைச் சுருட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு வந்திருக்கா?" என்று அவர் சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"போட்டோ பிடிக்கறவா அப்பா."

"நான் இருக்கற இருப்புக்கு இப்பப் படம் ஒண்ணுதான் குறைச்சல்."

"உங்களை இல்ல. என்னை."

கிரேஸ் கேமரா மூடியைத் திறந்தாள். சன்னல் வெளிச்சம் அலமுவின் தோளில் நன்றாக விழுந்திருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தாள். வட்டத்துக்குள் அலமுவின் முழங்கை நடுங்கியது. இன்னும் கொஞ்சம் விட்டால் பெரியவர் இந்தப் பக்கம் சரிவார். கிரேஸ் கேமராவை மாடத்தில் வைத்துவிட்டு வந்து, மறுபக்கம் நின்று, அவர் தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்துத் தாங்கினாள்.

"நான் புடிச்சிக்கினேன். நீங்க உருவுங்க."

வேட்டி கையோடு வந்தது. பெரியவர் முனகினார். பிறகு, "கை ஜில்லுன்னு இருக்கு," என்றார். "வலிக்கலை."

இரண்டு பேருமாகத் துடைத்தார்கள், பவுடர் போட்டார்கள், புது வேட்டி விரித்தார்கள். கட்டிலின் இரண்டு பக்கமும் ஆள் இருந்தால் இது இவ்வளவு சுலபமான வேலையா என்று கிரேஸுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் வீட்டில் மறுபக்கம் சுவர்தான் இருந்தது.

அலமு காப்பி கொடுத்தாள். நல்ல காப்பி. குடித்துவிட்டு கிரேஸ் டம்ளரை எடுத்துக்கொண்டு முற்றத்துக் குழாயடிக்குப் போய்க் கழுவினாள். வேண்டாம் என்று அலமு சொல்லவில்லை. அசதியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அசதிதானா, வேறு வழக்கமா என்று தெரியவில்லை. கிரேஸ் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"படமே எடுக்கலியே நீங்க," என்றாள் அலமு கண்ணைத் திறந்து.

"வெளிச்சம் போயிடுச்சும்மா. இன்னொரு நாளு வர்றேன்."

"வாங்கோ. கட்டாயம் வாங்கோ." வாசல்வரை வந்து நின்றாள். உள்ளேயிருந்து பெரியவர் கூப்பிடவே, திரும்பிப் போய்விட்டாள்.

வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதே உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. விளக்கைப் போட்டு, ஓடிப்போய் எடுப்பதற்குள் நின்றுவிட்டது. மறுபடி அடிக்கும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையானதால் தெருவில் தறிகூட ஓடவில்லை. உலை வைக்கலாம் என்று எழுந்தாள். பிறகு என்ன தோன்றியதோ, உட்கார்ந்து, அவன் அறைக்குக் கீழே இருந்த கடை நம்பரைச் சுழற்றினாள். கடைக்காரர் மாடியைப் பார்த்துக் கத்துவது கேட்டது.

"இன்னாம்மா? எங்க போயிட்ட? சாப்ட்டியா?" என்றான் விஷால் மூச்சு வாங்க.

வழக்கமாக, ஆச்சுப்பா, நீ சாப்ட்டியா என்பாள்.

"இன்னும் இல்லப்பா. கை ரெண்டும் வலிக்குது," என்றாள். "இன்னிக்கு ஒரு பெரியவர திருப்பிப் போட்டேன்."

"யாரம்மா?"

சொல்ல ஆரம்பித்தாள். அலமுவைச் சொன்னாள், வேட்டியைச் சொன்னாள், டம்ளர் கழுவியதைச் சொன்னாள். நடுவில் அழுகை வந்தது, அதையும் நிறுத்தவில்லை. அந்தப் பக்கம் கடையில் யாரோ சில்லறை கேட்டார்கள், ஒரு லாரி போனது, ரேடியோ பாடியது. மகன் ஒன்றும் பேசவில்லை. கேட்டுக்கொண்டிருந்தானா என்று தெரியவில்லை. ஆனால் வைக்கவில்லை. அவள் சொல்லிக்கொண்டே போனாள்.